கடல் பக்கத்துப் படகு

பதினோரு வருஷம் கடலில் நான் பார்த்தது என் மனைவியின் வலது பாதியை மட்டும்தான். வேறு எவனாவது இப்படிச் சொல்லியிருந்தால் நானே விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். முப்பது வருஷமாக ஒரே வீட்டில் இருந்து ஒரே சட்டியில் ஃபூல் மொச்சைக் கூழைத் தொட்டுச் சாப்பிடுகிறவன் பேசுகிற பேச்சா இது? ஆனால் நடந்தது அதுதான். அதற்கு விலை கொடுத்தது அவளுடைய இடது தோள்.

நான் பயூமி. அலெக்சாந்திரியாவின் கிழக்குத் துறைமுகத்தில் ஒரு துடுப்புப் படகு வைத்திருக்கிறேன். படகு வைத்திருக்கிற எவனையும் இங்கே ரயிஸ், தலைவன், என்றுதான் கூப்பிடுவார்கள், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. என் மனைவி சொஹேர் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாள், அதனால் இங்கத்து வழக்கப்படி அவள் கேப்டன். ஒரு ரயிஸும் ஒரு கேப்டனும் இருக்கிற வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்று கேட்டு என் மானத்தை வாங்காதீர்கள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை. கிழக்குக் கோடியில் மொந்தஸாவில் தண்ணீரில் இறங்கி, நகரம் முழுவதையும் இடப்பக்கம் விட்டுவிட்டு, மேற்கே காயித்பே கோட்டைப் பாறையில் ஏற வேண்டும். பதினைந்து கிலோமீட்டர் இருக்கும், ஆறு மணி நேரம் ஆகும். நடுவில் படகைத் தொடக்கூடாது, யாரும் அவளைத் தொடக்கூடாது. தொட்டால் அந்த நீச்சல் அதோடு சரி.

அதற்காகப் பதினோரு வருஷம் கடலில் பழகினாள், நான் படகில் கூடவே போனேன். அந்தப் பெரிய நீச்சலுக்கு இரண்டு முறை இறங்கினாள். இரண்டு முறையும் பாதி வழியிலிருக்கிற ஸ்டான்லி பாலத்துக்கு முன்னாலேயே இடது தோள் செத்துவிட்டது. இரண்டாவது முறை அவள் அக்குளில் கை கொடுத்துப் படகுக்குள் இழுத்துப் போட்டவன் நான்தான். பாலத்தின் மேல் நின்றவர்கள் அதை போனில் படம் பிடித்தார்கள். துறைமுகம் வரும்வரை அவள் கடலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம். அந்த மௌனம்தான் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கை காதுக்கு மேல் எழும்பவில்லை. தலைமுடியை மகள் வந்து கட்டிவிட்டாள். நான்காவது மாடி பால்கனிக் கொடியில் துணி காயப்போடுவது என் வேலை ஆயிற்று. எதிர்வீட்டுக்காரி உம் சலாமா தினமும் சன்னலில் காத்திருப்பாள்.

"யா ரயிஸ், வலை காயப்போடற மாதிரி போடறியே. அது வலையில்ல, உன் பெண்டாட்டி கவுனு. கொஞ்சம் உதறிப் போடு."

"உனக்கு வேற வேலை இல்லையா, உம் சலாமா?"

"இருந்துச்சு. நீ வந்தப்புறம் விட்டுட்டேன்."

ஸ்கேன் எடுத்த பெரிய டாக்டர் வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. தோளுக்குள் ஒரு தசைநார் நைந்திருக்கிறது, இன்னும் கிழியவில்லை என்றார். "இன்னொரு தடவை போன வாட்டி மாதிரி ஆச்சுன்னா கிழிஞ்சிடும், மேடம். அப்புறம் நீச்சல்ங்கிற பேச்சே கிடையாது. குழந்தைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கக்கூட தண்ணியில இறங்க முடியாது." ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு மிஞ்சியது ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். அவள் காது கேட்காத மாதிரி தேநீருக்குச் சர்க்கரை போட்டாள்.

பெரிய டாக்டர்தான் எங்களை நெவீனிடம் அனுப்பினார். உடற்பயிற்சி கொடுத்துக் கைகால்களைச் சரிசெய்கிற டாக்டர். என் மகளைவிடச் சின்னப் பெண். சிவப்பு ரப்பர் பட்டை ஒன்றை எங்கள் கதவுக் கைப்பிடியில் கட்டி, சொஹேரை நாளுக்கு மூன்று வேளை இழுக்க வைத்தாள். மூன்று மாதம் நான் அந்தப் பட்டைக்கடியில் குனிந்துதான் சொந்த வீட்டுக்குள் போனேன். பிறகு சொஹேரை நீச்சல் குளத்தில் இறக்கி, தண்ணீருக்கடியில் வைத்துப் படம் பிடித்து, மெதுவாக ஓட்டிக் காட்டினாள்.

"கேப்டன், கை தண்ணிக்குள்ள போறப்போ கட்டைவிரல் முதல்ல போகுது பாருங்க. உள்ளங்கை வெளிப்பக்கம் திரும்புது. அப்ப தோள் உள்பக்கமா முறுக்கிக்குது."

"அப்படித்தான் போகணும். எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க. இருபத்தஞ்சு வருஷமா நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கறேன்."

"அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. ஆனா தோள் எலும்புக்கு அடியில ஒரு விரல் அகலம்கூட இல்லாத சந்து இருக்கு. நார் அது வழியாத்தான் போகுது. முறுக்கின கையோட எட்டிப் போடுற ஒவ்வொரு தடவையும் எலும்பு அதைக் கிள்ளுது."

"ஒரு கிள்ளுதானே," என்றேன் நான்.

"நிமிஷத்துக்கு இந்தக் கை முப்பது தடவை விழுது, ரயிஸ். ஆறு மணி நேரத்துக்கு எவ்வளவுன்னு கணக்குப் போடுங்க."

போட்டேன். பத்தாயிரத்து எண்ணூறு. என் தோளை நானே தடவிப் பார்த்துக்கொண்டேன். ஒரு விரல் கொள்ளாத சந்துக்குள் இத்தனையும் நடக்கிறது. இதை வைத்துக்கொண்டா மனிதர்கள் கடலைக் கடக்கிறார்கள் என்று உடம்பு சிலிர்த்தது.

மறுநாள் சொஹேர் தன் பெண்பிள்ளைகளைக் குளத்தங்கரையில் உட்காரவைத்து, "நான் உங்களுக்குத் தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன்" என்றாள். அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் வாயில் அந்த வாக்கியம் அன்றுவரை வந்ததில்லை. பிறகு அவர்களோடு சேர்ந்து தானும் புதிதாகக் கற்றாள். விரல்நுனிகள் முதலில், தோளுக்கு நேர் முன்னால், தலைக்குக் குறுக்கே போகாமல். ஒரு மாதத்தில் குளத்தில் வலி போய்விட்டது.

கடலில் இறங்கிய மூன்றாவது வாரம் வலி திரும்ப வந்தது.

குளத்தில் இல்லாத வலி கடலில் ஏன்? துறைமுகக் காப்பிக்கடையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். குளிர் என்றான் ஒருவன். உப்பு என்றான் இன்னொருவன். கண் பட்டுவிட்டது என்றார்கள் மற்ற எல்லோரும். நான் படித்தவன் மாதிரி சிரித்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் படகு முனையில் திருஷ்டிக்கு ஒரு நீலமணியைக் கட்டினேன்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை நெவீனே படகில் ஏறினாள். அரைமணி நேரத்தில் அவள் முகம் சுரைக்காய் மாதிரி வெளுத்துவிட்டது. ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் படம் எடுத்தாள். பிறகு கேட்டாள்.

"ரயிஸ், படகு எப்பவும் இந்தப் பக்கம்தானா?"

"வேற எந்தப் பக்கம்? அலை வடமேற்குலேர்ந்து வருது. படகு கடல் பக்கமா நின்னாத்தான் அவளுக்கு மறைப்பு. எங்கப்பா காலத்துலேர்ந்து நீந்தறவங்களுக்கு இப்படித்தான் போவோம். கரைப் பக்கம் படகை ஓட்டறவனை இங்க எவனும் மதிக்க மாட்டான்."

"பதினோரு வருஷமா?"

"ஒரு நாள் தவறாம," என்றேன் பெருமையாக.

அவள் சொஹேரை நிறுத்தச் சொன்னாள். சொஹேர் தண்ணீரில் நின்றபடியே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"கேப்டன், குளத்துல மூணு வீச்சுக்கு ஒருதரம், ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி மூச்சு எடுக்கறீங்க. இங்க வலப்பக்கம் மட்டும்தான் எடுக்கறீங்க. அதுவும் தலையை வெளியே தூக்கறீங்க. தலை மேல வரணும்னா இடது கை கீழ அமுக்கணும். உடம்பு பாரம் பூரா முன்னால நீட்டின அந்த ஒரு கையில விழுது, கை குறுக்கே சறுக்குது. ஏன் இந்தப் பக்கமே திரும்பறீங்க?"

சொஹேர் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி நெவீனைப் பார்த்தாள்.

"அந்தப் பக்கம்தானே இவன் இருக்கான்," என்றாள்.

நான் துடுப்பைக் கீழே வைத்துவிட்டேன். அலையிலிருந்து அவளை மறைக்கிறேன் என்று எண்ணிப் பதினோரு வருஷம் வலப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். என் முகம் தெரிகிறதா என்று அவள் நிமிஷத்துக்கு முப்பது முறை தலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். அந்தத் தோளைத் தேய்த்தது கடலும் இல்லை, கண்ணும் இல்லை. நான் உட்கார்ந்திருந்த இடம்.

அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. நீலமணியை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

நெவீன் கறாராகச் சொல்லிவிட்டாள். இரண்டு மாதம் படகே வேண்டாம், விரிகுடாவுக்குள்ளேயே மற்றப் பெண்களோடு நீந்தட்டும். அந்த இரண்டு மாதமும் நான் கரையில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தேன். பெரிய நாளன்று பாதுகாப்புக்குப் படகு கட்டாயம் வேண்டும். அப்போது படகு கரைப் பக்கம், அதாவது இடப்பக்கம்தான் வர வேண்டும். "வலப்பக்கம் உங்களைப் பாத்தாங்கன்னா பழைய பழக்கம் வந்து ஒட்டிக்கும். என்ன ஆனாலும் அந்தப் பக்கம் போகாதீங்க, ரயிஸ்."

அக்டோபர் மாதம், காலை ஆறு மணி. மொந்தஸாவில் கடல் தேங்கிக் கிடந்தது. சொஹேர் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய கறுப்பு உடையில், மஞ்சள் தொப்பியோடு இறங்கினாள். மோதிரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். நெவீனை ஏற்றிக்கொண்டு நான் படகை இடப்பக்கம் கொண்டுபோனேன்.

அப்போதுதான் முதல்முறையாக அந்தக் கையைப் பார்த்தேன்.

முதலில் முழங்கை எழுந்தது. அதற்குக் கீழே முன்கை எந்த அவசரமும் இல்லாமல் தளர்ந்து தொங்கியபடி வந்தது. தோளைத் தாண்டியதும் விரல்கள் முன்னால் நீண்டு, மேசையின் அந்தப் பக்கத்து ரொட்டியை எடுக்கப் போவது போல எட்டி, சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் நுழைந்தன. உடம்பும் கூடவே சாய்ந்து கொடுத்தது. காலைத் தண்ணீர் கண்ணாடியாக இருந்ததால் அடியிலும் தெரிந்தது. முழங்கை உயரத்திலேயே நிற்க, உள்ளங்கை கீழே திரும்பித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டது. பிடித்த இடத்தில் கை நின்றது, அவள் அதைத் தாண்டிப் போனாள். தண்ணீரில் பிடிப்பதற்கு என்ன இருக்கிறது? நாற்பது வருஷம் துடுப்புப் போட்டவன் நான், எனக்கே தெரியாது. அவள் கைக்குத் தெரிந்திருந்தது.

முதல் மணி முடிந்ததும் மீன்வலைக் கழியில் பாட்டிலை வைத்து நீட்டினேன். வெந்நீரில் பேரீச்சம்பழம் கரைத்தது.

"சொஹேர், உன் இடது கையை இன்னிக்குத்தான் பாக்கறேன். இத்தனை வருஷம் நான் அதைப் பாத்ததே இல்ல."

அவள் பாதி குடித்துவிட்டுச் சொன்னாள். "அதுல மோதிரம் போட்டப்போ கண்ணை மூடிட்டா இருந்தே?"

நெவீன் சிரித்த சிரிப்பில் குமட்டலை மறந்துவிட்டாள். அவள் இரண்டு கையும் சேர்த்து நிமிஷத்துக்கு எத்தனை வீச்சு என்று எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தாள். அறுபத்திரண்டு. எங்கள் ஊர் மியாமி கடற்கரை தாண்டியது, அறுபத்திரண்டு. சான் ஸ்டெஃபானோ தாண்டியது, அறுபத்திரண்டு. ஒரு மூச்சு என் பக்கம், அடுத்தது திறந்த கடல் பக்கம்.

க்ளீம் கடற்கரை அருகே வரும்போது காற்று திரும்பியது. வடமேற்கில் கடல் கறுத்தது. முதல் அலை அவள் தலைக்கு மேலே போனது. இரண்டாவது அவளைப் புரட்டிப் போட்டது. கொஞ்ச தூரத்தில் ஸ்டான்லி பாலம் தெரிந்தது. அவளை நான் இழுத்துப் போட்ட அதே இடம். அவள் அடிபட, நான் பாதுகாப்பாகக் கரைப் பக்கம் உட்கார்ந்திருப்பதா? படகைத் திருப்பி அவளுக்குப் பின்னாலேயே சுற்றி வலப்பக்கம் போனேன்.

"ரயிஸ், என்ன பண்றீங்க?"

"படகுக்கு ரயிஸ் யாரு?"

நெவீன் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள்.

அலை படகில் மோதி உடைந்தது. சொஹேருக்குத் தண்ணீர் அடங்கியது. அவள் தலையைத் தூக்கினாள், என்னைப் பார்த்தாள். அடுத்த வீச்சுக்கும் பார்த்தாள். அதற்கடுத்ததற்கும். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, பொய் சொல்வானேன்.

"அறுபது," என்றாள் நெவீன்.

வலது கை அழகாக வந்துகொண்டிருந்தது.

"அம்பத்தேழு."

வலது கையில் ஒரு குறையும் இல்லை. எந்த வருஷமும் இருந்ததில்லை. நான் ஏமாந்தது அப்படித்தான். என் கண்ணுக்குத் தெரிந்த கை எப்போதும் நன்றாகவே இருந்தது.

"அம்பத்துநாலு," என்றாள் நெவீன். குரல் கம்மியிருந்தது. "ரயிஸ், அந்தக் கை தலைக்குக் குறுக்கே போகுது. எழுந்து பாருங்க."

எழுந்து நின்று பார்த்தேன். சொஹேருக்கு அந்தப் பக்கம் கை உயராமல் இழுபட்டு, உள்ளங்கையால் தண்ணீரை அறைந்து விழுந்துகொண்டிருந்தது. காலையில் நான் பார்த்த கையா இது? எத்தனை கிள்ளு கிள்ளியிருக்கும்? இருநூறா? அந்த நார் எதுவரை தாங்கும்?

படகைப் பின்னுக்குத் தள்ளி மறுபடியும் இடப்பக்கம் கொண்டுவந்தேன். வலப்பக்கம் தலையைத் தூக்கிய சொஹேர் என்னைக் காணாமல், வாய் நிறைய அலையை வாங்கி, இருமிக்கொண்டு நின்றுவிட்டாள்.

"எங்க போய்த் தொலைஞ்சே?"

"இங்க இருக்கேன். இந்தப் பக்கம்."

"அலை அடிக்குது, பயூமி."

"அடிக்கட்டும்."

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் நான் அவளிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"தோள் எப்படி?"

"கேக்காதே."

"சொஹேர், தப்பு என்னோடது. இப்பவும் நான்தான் அந்தப் பக்கம் வந்து கெடுத்தேன். நான் இனிமே அங்க வரமாட்டேன். நீ என்னைத் தேடாதே. தேடினா இந்தக் கை போயிடும். நான் இங்கதான் இருப்பேன், பாக்காட்டியும் இருப்பேன்."

வலது கையால் இடது தோளைத் தடவியபடி அவள் அலையில் ஏறி இறங்கினாள். படகு ஒரு கை தூரத்தில் இருந்தது. அவள் கையை நீட்டி விளிம்பைத் தொட்டால் எல்லாம் முடிந்துவிடும். தொடட்டும் என்று ஒரு மனம், தொட்டுவிடக்கூடாது என்று ஒரு மனம். நெவீன் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓதினாள்.

"பேச்சு போதும். துடுப்பைப் போடு," என்றாள் சொஹேர். கண்ணாடியை இறக்கிக்கொண்டாள்.

முதல் பத்து வீச்சு தடுமாற்றம். பிறகு முழங்கை எழுந்தது. முன்னைவிட மெதுவாக, யோசித்து யோசித்து எழுந்தது. விரல்கள் தோளுக்கு நேராக நீண்டன. அலை அவளைத் தூக்கும்வரை அந்தக் கை பொறுத்திருந்தது, தூக்கியபின் போய்த் தண்ணீரைப் பிடித்தது. வலி இருந்தது. தொப்பிக்குக் கீழே அவள் கன்னம் இறுகுவதை நான் பார்த்தேன். ஆனாலும் ஒரு வீச்சுகூடக் குறுக்கே விழவில்லை. நைந்த நார், கொஞ்சூண்டு சந்து, எதிரே ஒரு கடல். அதற்கு நடுவில் அந்தக் கை தன் வழியை விடாமல் போய்க்கொண்டே இருந்தது. தொழுகைக்கு நிற்கும்போதுகூட எனக்கு அப்படி ஒரு நடுக்கம் வந்ததில்லை. இறைவன் என்னை மன்னிக்கட்டும்.

ஸ்டான்லி பாலம் தலைக்கு மேலே வந்தது. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருத்தன் எட்டிப் பார்த்தான்.

"யா ரயிஸ், என்ன மீன் அது?"

"என் வீட்டுக்காரி."

"வலையில விழுந்துட்டாங்களா?"

"இல்லடா. நான்தான் விழுந்துட்டேன்."

பாலம் பின்னால் போனது. "அம்பத்தெட்டு," என்றாள் நெவீன். ஸ்போர்டிங் கடற்கரை வரும்போது அறுபது. சாத்பியில் அறுபத்தொன்று. சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் கண் தெரியவில்லை, வியர்வை என்று சொல்லிக்கொண்டேன். சொஹேர் ஒரு மூச்சுக்கு என் பக்கம் திரும்பினாள், அடுத்த மூச்சுக்குக் கடல் பக்கம் திரும்பினாள். என்னைப் பார்த்தபோதும் தலையைத் தூக்கவில்லை. நான் இருக்கிறேனா என்று அவள் இப்போது தேடவில்லை. அது எனக்கு வலிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். வலிக்கவில்லை.

மத்தியானத் தொழுகை அழைப்பு கேட்கும்போது துறைமுக வாயைக் கடந்து கோட்டைப் பாறைக்கு வந்தோம். பாசி வழுக்கியது. இரண்டு முறை அலை அவளைத் திரும்ப இழுத்தது. நான் படகில் நின்றுகொண்டு கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன், இல்லாவிட்டால் அது தானாக நீண்டிருக்கும். மூன்றாவது அலையோடு அவளே பாறையைப் பற்றி ஏறி, தண்ணீருக்கு வெளியே இரண்டு காலில் நின்றாள். இனி அவளைத் தொடலாம்.

நெவீன் நேரத்தைச் சொன்னாள். அது எங்கள் இரண்டு பேர் காதிலும் ஏறவில்லை.

படகைப் பாறையோரம் அணைத்து, வழக்கம் போல வலது கையைப் பிடிக்கக் குனிந்தேன். சொஹேர் அதைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். உப்பு படிந்து, விரல் சுருங்கி, மோதிரம் இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்த இடது கையை நீட்டினாள்.

"வேண்டாம் கேப்டன், வலது கை, வலது கை," என்றாள் நெவீன்.

"இதைத்தானே நீ பாத்ததே இல்லேன்னே," என்றாள் சொஹேர் என்னிடம். "பிடி."

பிடித்தேன். உடம்பின் முழுப் பாரத்தையும் அந்தக் கையில் போட்டு அவள் படகுக்குள் இறங்கினாள். அது தாங்கியது. கண்ணை மூடாமல் மோதிரத்தை அதில் மாட்டினேன்.